ஃபாக் லைட்டுக்கு எந்த பல்பு? கரும்பு டிராக்டருக்குப் பின்னால் எழுந்த கேள்வி

நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் வரும் சாலையில் தை மாத விடியற்காலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. சர்க்கரை ஆலை ஓடும் காலம். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரவு முழுக்க ஊர்ந்துகொண்டிருக்கும். டிரெய்லரில் பின்விளக்கு இருக்காது. இருந்தாலும் தொங்கும் தோகை அதை மூடியிருக்கும். போன தையில் ஒரு நாள், மணி ஐந்தே கால் இருக்கும், பனி வயலிலிருந்து எழுந்து சாலையை விழுங்கியிருந்தது. ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர். டிம்முக்கு மாற்றினேன். அப்போதும் முதலில் கண்ணில் பட்டது டிராக்டர் இல்லை, தோகையின் நுனி. பிரேக் பிடித்து நின்றபோது என் முன் சக்கரத்துக்கும் கரும்புக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடைவெளிதான்.

அந்த நேரத்தில் என் ஃபாக் லைட் இரண்டும் எரிந்துகொண்டுதான் இருந்தன. குனிந்து பார்த்தால்தான் எரிவது தெரியும் என்பது வேறு விஷயம்.

புதுச்சேரியில் ஆறு மணி ஷிஃப்ட். வாரத்தில் ஆறு நாள் இதே நேரத்தில் நெல்லிக்குப்பம், மஞ்சக்குப்பம், ஆல்பேட்டை, தென்பெண்ணைப் பாலம், முள்ளோடை, கிருமாம்பாக்கம் என்று போயாக வேண்டும். பல்பை மாற்றிவிடலாம் என்று முடிவுசெய்து, கூட வேலை பார்ப்பவர்களிடம் கேட்டேன். ஐந்து பேர், ஐந்து பதில். நூறு வாட் போடு என்றார் ஒருவர். எல்இடி போடு, மஞ்சள் போடு, ஹெச்ஐடி (இழை இல்லாமல் வாயுவில் மின்பொறி எரியும் பல்பு) போடு என்று மற்றவர்கள். "ஃபாக் லைட்டே வேணாம், லீவு போடு" என்றார் இன்னொருவர். யோசித்துப் பார்த்தால் அதுதான் நல்ல யோசனை, ஆனால் சம்பளம் யார் தருவது?

என் வண்டி 2012 மாடல் 350 சிசி புல்லட். லெக் கார்டில் மாட்டியிருக்கும் ஃபாக் லைட்டுகள் சித்தப்பாவின் பழைய வண்டியிலிருந்து வந்தவை. உருண்டை வடிவம், கோடு கோடாக வார்த்த கண்ணாடி, உள்ளே ஹெச்3 என்ற வகை ஹாலஜன் பல்பு, 12 வோல்ட் 55 வாட். புல்லட்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை: ஹெட்லைட்டுக்கு இரு பக்கமும் கண் மாதிரி இருக்கும் டைகர் லாம்ப் ஃபாக் லைட் இல்லை. அதில் இருப்பது 4 வாட் பல்பு. வண்டி நிற்பது மற்றவருக்குத் தெரிவதற்காக வைத்தது. அதில் என்ன பல்பைப் போட்டாலும் சாலை தெரியாது.

பனிக்கு வேண்டியது என்ன?

பனி என்பது காற்றில் மிதக்கும் பொடித் தண்ணீர்த்துளிகள். வெளிச்சம் துளியில் பட்டுச் சிதறும். அதில் ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வரும். ஹெட்லைட் இருப்பது கண்ணுக்குக் கொஞ்சம் கீழே. அதனால் நாம் பார்க்கும் திசையில் இருக்கும் துளிகளையே அது வெளுக்க வைக்கிறது. ஃபாக் லைட்டை முழங்காலுக்குக் கீழே வைப்பது இதற்காகத்தான். அதன் வெளிச்சம் தரையை ஒட்டி, அகலமாக, மேல் விளிம்பில் கத்தியால் வெட்டிய மாதிரி போக வேண்டும். அந்த விளிம்புக்கு மேலே இருட்டாக இருந்தால்தான் அந்த இருட்டு வழியாக நம்மால் பார்க்க முடியும்.

ஆகவே எந்த பல்பைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மேல் விளிம்பு அப்படியே நிற்குமா, கலையுமா? விளிம்பு கலைந்தால் எத்தனை லூமென் (பல்பு தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) என்பதற்கு அர்த்தமே இல்லை. கூடுதல் வெளிச்சம் கூடுதல் வெள்ளைச் சுவர் ஆகும், அவ்வளவுதான்.

நூறு வாட், நீல வெள்ளை

நூறு வாட் யோசனை கணக்கிலேயே விழுந்துவிட்டது. 55 வாட் பல்பு இரண்டுக்கே 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்கு மேல் கரண்ட் வேண்டும். நூறு வாட் இரண்டு என்றால் 16, 17 ஆம்பியர். புல்லட்டில் கரண்ட் உண்டாக்கும் காயிலிலிருந்து இவ்வளவையும் கொடுத்து ஹெட்லைட்டையும் எரித்து பேட்டரியையும் சார்ஜ் செய்ய முடியாது. வெப்பமோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உள்ளே ரிஃப்ளெக்டரின் பூச்சு கருகும், வயர் இளகும், மழைத் தண்ணீர் பட்டால் சூடான கண்ணாடி விரிசல் விடும். ரேலி பந்தய வண்டிகளுக்கு உண்டான சாமான் அது.

நீலப் பூச்சுப் பூசிய "சூப்பர் ஒயிட்" ஹாலஜன் இன்னும் மோசம், ஏனென்றால் பார்க்க அழகாக இருக்கும். டப்பாவில் 6000 கெல்வின் என்று அச்சடித்திருந்தார்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு அது; எண் ஏற ஏற நீலம் கூடும். ஹாலஜன் பல்புக்குள் இருப்பது டங்ஸ்டன் இழை. அது 3422 டிகிரி செல்சியஸில், அதாவது 3700 கெல்வினுக்குக் கீழேயே, உருகிவிடும். உருகாமல் எரியும் இழை 6000 கெல்வின் நிறத்தை எப்படிக் கொடுக்கும்? கொடுக்காது. நீலப் பூச்சு மஞ்சளையும் சிவப்பையும் தடுத்து நிறுத்துகிறது, மிச்சம் இருப்பது வெள்ளையாகத் தெரிகிறது. இருக்கிற வெளிச்சத்தில் கொஞ்சத்தை வடிகட்டி எறிந்துவிட்டு அதற்குக் கூடுதல் விலையும் வாங்குகிறார்கள்.

"பிளஸ் 100, பிளஸ் 130 சதவீதம்" என்று விற்கிற ஹாலஜன் வேறு வகை. அவை ஏமாற்று இல்லை. இழை நெருக்கமாகச் சுற்றியிருக்கும். அந்தச் சதவீதம் சாலையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விழும் வெளிச்சத்தைக் குறிக்கிறது, மொத்த லூமெனை இல்லை. ஆயுள் குறைவு. புல்லட் அதிர்வில் இன்னும் குறையும் என்று விட்டுவிட்டேன்.

எல்இடி பல்பு: நான் ஏமாந்த இடம்

சரி, எல்இடி. வாட் குறைவு, வெளிச்சம் அதிகம், பேட்டரிக்குப் பாரம் இல்லை. ஹெச்3 அடியில் அப்படியே உட்காரும் எல்இடி பல்பு ஒரு ஜோடி வாங்கினேன். மாட்ட இருபது நிமிஷம் ஆனது. அன்று சாயங்காலம் தெருவில் போட்டுக் காட்டியபோது எதிர்வீட்டு அண்ணன், "என்னப்பா, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றார். மறுநாள் காலை பனியில் அந்த மண்டபமே என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

அன்று ராத்திரி வீட்டுப் பக்கச் சுவரில் ஒரு சோதனை செய்தேன். வண்டியைச் சுவருக்கு எட்டு மீட்டர் தள்ளி நிறுத்தி, லாம்ப் உயரத்தைச் சாக்பீஸால் சுவரில் கோடு போட்டேன். ஒரு பக்கம் பழைய ஹாலஜன், மறுபக்கம் எல்இடி. ஹாலஜன் பக்கம் வெளிச்சம் மங்கல்தான், ஆனால் கோட்டுக்குக் கீழே ஒரு பட்டையாக, மேல் விளிம்பு நேராக நின்றது. எல்இடி பக்கம் நடுவில் ஒரு கறுப்புத் திட்டு, இரண்டு பக்கமும் இரண்டு பிரகாசமான கொம்புகள். மேல் விளிம்பு என்று ஒன்று கிடையாது. வெளிச்சம் முதல் மாடி ஜன்னல் வரை ஏறியிருந்தது.

காரணம் பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும். ஹெச்3 பல்பில் இழை பென்சில் கூர் அளவுக்குச் சின்னது, பல்பின் நீளத்துக்குக் குறுக்கே படுத்திருக்கும். ரிஃப்ளெக்டரின் வளைவும் கண்ணாடியின் கோடுகளும் அந்த ஒரு புள்ளியை மனதில் வைத்து வார்த்தவை. எல்இடியிலோ ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் வெளிச்சம் தரும் சில்லுகள். தகடு கொஞ்சம் தடிமன், சில்லுகள் இழையின் இடத்தில் இல்லை. ஓர் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே எட்டு மீட்டர் தள்ளி வெளிச்சம் வெகுவாக ஏறிவிடும். ஜெர்மனியில் 2020இலிருந்து சில எல்இடி மாற்று பல்புகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் அங்கேயும் எந்த வண்டியின் எந்த விளக்கில் போடலாம் என்று சோதித்துப் பட்டியல் போட்டுத்தான் அனுமதிக்கிறார்கள். நம் கடையில் "எல்லா வண்டிக்கும் சேரும்" என்று தொங்குவது அந்த ரகம் இல்லை.

இன்னும் இரண்டு குறை. பின்னால் இருக்கும் குட்டி ஃபேன் நம் கடற்கரைக் காற்றின் உப்பையும் ஐப்பசி மழையையும் எத்தனை நாள் தாங்கும்? என் ஜோடியில் ஒன்று இரண்டாவது வாரமே கொசு ரீங்காரம் போடத் தொடங்கியது. அடுத்தது கொஞ்சம் வேடிக்கை. ஹாலஜனின் குறை என்று நாம் சொல்கிற சூடு கண்ணாடியின் உள்பக்கம் படியும் ஈரத்தை உலர்த்திக்கொண்டே இருந்தது. எல்இடியின் சூடு பின்பக்கம் போகிறது. கண்ணாடி குளிர்ந்தே இருந்ததால் உள்ளே வியர்த்து நின்றது.

ஹெச்ஐடி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இதே குறை, இதைவிடப் பெரிய அளவில். பற்றிக்கொள்ள பல்லாயிரம் வோல்ட், முழு வெளிச்சம் வரச் சில விநாடி, கூடவே அந்த வோல்ட்டைக் கொடுக்கும் பலாஸ்ட் பெட்டி ஒன்று. பல்பின் ஜாதியே வேறு. எதிரே வருபவரைக் குருடாக்கிவிட்டு அவர் நம் மேல் மோதாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதில் என்ன பயன்?

பல்பு மேல் குற்றம் இல்லை

மஞ்சக்குப்பத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். வயசானவர், லாரி வயரிங் பார்ப்பவர். மஞ்சள் ஹாலஜன் ஒரு ஜோடி போட்டுத் தாருங்கள் என்றேன். அவர் பல்பைப் பார்க்கவே இல்லை. இஞ்சினை ஓடவிட்டு, ஃபாக் லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் பேட்டரியில் வைத்தார்: 13.6 வோல்ட். பிறகு அதே முனைகளை பல்பின் வயரிலும் அதன் எர்த்திலும் வைத்தார்: 11.3.

"பாத்தியா தம்பி? பல்பு மேல குத்தம் இல்ல. கரண்ட்டு போய்ச் சேரல."

இரண்டே கால் வோல்ட்தானே என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை; ஏறத்தாழ 3.4 அடுக்கில் குறைகிறது. ஹெச்3 55 வாட் பல்பின் 1450 லூமென் என்ற கணக்கு 13.2 வோல்ட்டுக்கு உண்டானது. 11.3 வோல்ட்டில் அதே பல்பு தருவது சுமார் 60 சதவீதம். பத்தில் நாலு பங்கு வெளிச்சத்தை வயர் தின்றுகொண்டிருந்தது. நான் அதற்கு பல்பு தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கே தின்றது என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஹேண்டில்பாரில் யாரோ மாட்டிய சின்ன ஸ்விட்ச். ஒன்பது ஆம்பியரும் அதன் வழியாகவே போய்வந்துகொண்டிருந்தது. தலைமுடி கனத்தில் வயர். லெக் கார்டு போல்ட்டில் எடுத்திருந்த எர்த். போல்ட்டைக் கழற்றினால் வாஷரின் அடியில் பச்சைக் களிம்பு. உப்புக் காற்று அடிக்கும் நம் ஊரில் செம்பு எங்கே திறந்திருந்தாலும் இந்தக் கதிதான்.

அவர் செய்த வேலை இது. பேட்டரி பிளஸிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியை ஒட்டியே. அதிலிருந்து கனமான வயரில் ரிலேயின் (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) 30ஆம் முனை. 87ஆம் முனையிலிருந்து இரண்டு பல்புக்கும். ஸ்விட்ச் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. ஸ்விட்ச்சில் இப்போது ஓடுவது ரிலேயைத் தட்டி எழுப்பும் சொற்பக் கரண்ட் மட்டும். அந்த ஸ்விட்ச் வயரையும் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்தில் எடுத்தார். இல்லாவிட்டால் ஃபாக் லைட் எரிவதை மறந்துவிட்டுச் சாவியோடு போய்விடுவோம். பல்பின் எர்த் வயரை நேராக பேட்டரி மைனஸுக்கே கொண்டுவந்தார். இணைப்புகளில் வாசலின் தடவினார். மறுபடி மீட்டர் வைத்தபோது பல்பில் 13.1 வோல்ட். அதே பழைய பல்பு, வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல். சாமான், கூலி, அவருக்கும் எனக்கும் டீ எல்லாம் சேர்த்து, எல்இடி பல்புக்கு நான் கொடுத்ததில் பாதிதான் ஆனது.

எல்இடிக்கு இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. உள்ளே இருக்கும் டிரைவர் வோல்ட்டேஜ் குறைந்தாலும் சமாளித்து ஒரே கரண்ட்டைக் கொடுக்கும். "எல்இடி போட்டேன், பளிச்சென்று ஆகிவிட்டது" என்பவர்களில் பலருக்கு உண்மையில் வயரிங்தான் கெட்டிருந்திருக்கும் என்று எனக்கு இப்போது ஒரு சந்தேகம்.

மஞ்சள் வேண்டுமா?

மஞ்சள் பனியைத் துளைக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீல ஒளி அதிகம் சிதறும், அதனால்தான் வானம் நீலம், ஆகவே மஞ்சள் நல்லது என்று விளக்கமும் தருகிறார்கள். வானத்துக்கு அது சரி. அங்கே சிதறடிப்பது காற்றின் மூலக்கூறு, ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சின்னது. பனித்துளி அப்படியில்லை, அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அது எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலச் சிதறடிக்கும். பனி வெள்ளையாகத் தெரிவதே அதற்குச் சாட்சி.

ஆனாலும் மஞ்சளை நான் ஒதுக்கவில்லை. திரும்பி வரும் வெளிச்சத்தில் நீலம் குறைவாக இருந்தால் கண் கூசுவது குறைகிறது. நாற்பது நிமிஷம் ஓட்டியபின் கண் களைப்பு குறைவாக இருப்பது எனக்கே தெரிந்தது. பிரான்சில் ஹெட்லைட்டே மஞ்சளாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது, 1993இல்தான் அது நீங்கியது. 1954 வரை புதுச்சேரியை ஆண்டவர்கள் நம் வெள்ளைத் தெருவின் சுவருக்கு மஞ்சளை விட்டுப்போன மாதிரி விளக்குக்கும் விட்டுப்போயிருக்கலாம்.

மஞ்சள் பூச்சு கொஞ்சம் வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். வயரிங் சரியாக இருந்தால் அந்த இழப்பு தெரியாது, 11.3 வோல்ட்டில் எரியும் பல்பில் மஞ்சளும் சேர்ந்தால் அகல் விளக்குதான். வயரிங் முடிந்த பிறகுதான் நான் 55 வாட் மஞ்சள் ஹெச்3க்கு மாறினேன். ரேடியம் ஸ்டிக்கர் கடையில் மஞ்சள் தாள் ஒட்டித் தருகிறார்கள். சூடு குறைந்த எல்இடி லாம்ப் கண்ணாடிக்கு அது சரி. 55 வாட் ஹாலஜன் சூட்டில் ஓரம் சுருண்டு எழும்.

பல்பை மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது. தோலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடாகி அங்கேயே பல்பு போகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடையுங்கள். ஹெச்3இன் தகட்டில் ஒரு வெட்டு இருக்கும், அது ரிஃப்ளெக்டரின் மேட்டில் உட்கார்ந்தால்தான் இழை சரியான இடத்தில் படுக்கும். பலர் அதைத் திருப்பிப் போட்டுக் கம்பியை அழுத்தி மாட்டிவிட்டு பல்பைத் திட்டுவார்கள். உங்கள் விளக்கில் இருப்பது ஹெச்8 என்றால் 35 வாட். அதன் காதை அராவி 55 வாட் ஹெச்11ஐ நுழைக்கும் வித்தை ஒன்று உலவுகிறது. செய்யாதீர்கள், அந்த டூம் (பல்பு உட்காரும் ரிஃப்ளெக்டர் கிண்ணம்) அவ்வளவு சூட்டுக்கு வார்த்ததில்லை.

பல்பை விட்டுவிட்டு லாம்பையே மாற்றுவது

என்னோடு வேலை பார்க்கும் பாகூர் தம்பியிடம் இருப்பது 125 சிசி வண்டி. ஏரிக்கரை ஓரமாகத்தான் அவன் வர வேண்டும். பனி அங்கே என் பக்கத்தைவிட அடர்த்தி. என் வழி அவனுக்கு ஒத்துவராது. அவன் பேட்டரி 5 ஆம்பியர் ஹவர்கூட இருக்காது. 110 வாட் ஹாலஜனைத் தொங்கவிட்டால் ஆபீஸ் வந்து சேர்வதற்குள் பேட்டரி படுத்துவிடும். அவனுக்கு முழு எல்இடி ஃபாக் லாம்ப்தான் வழி. சில்லும் லென்ஸும் ஒன்றுக்கொன்று பார்த்துச் செய்தது என்பதால் பல்பு மாற்றும்போது வரும் விளிம்புப் பிரச்சினை இதில் இல்லை.

இல்லை என்று சொன்னேனே தவிர, கடையில் ஃபாக் லைட் என்ற பெயரில் விற்பதில் முக்கால்வாசி ஃபாக் லைட்டே இல்லை. நாலு சில்லு, ஆறு சில்லு, நடுவில் உருண்டை லென்ஸ் என்று இருப்பவை பெரும்பாலும் ஸ்பாட் லைட். தூரத்துக்குக் குவிந்து அடிப்பவை. கடைக்குள்ளேயே பேட்டரியில் கொடுத்து ஒரு சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வட்டமாக விழுந்தால் ஸ்பாட். அகலப் பட்டையாக, மேலே நேர்கோட்டில் வெட்டி விழுந்தால் ஃபாக். பாகூர் தம்பி இதைச் செய்து மூன்று மாடலைத் திருப்பிக் கொடுத்தான். நாலாவதுதான் தேறியது.

டப்பாவில் போட்டிருக்கும் வாட்டையும் நம்ப வேண்டாம். 120 வாட் என்று எழுதிய ஒன்றை மீட்டரில் போட்டால் 1.6 ஆம்பியர் இழுத்தது, அதாவது 20 வாட். அந்த 20 வாட்டே போதும், அது வேறு. ஐபி67 என்று இருந்தால் தூசி நுழையாது, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்று அர்த்தம். தென்பெண்ணை கரை புரளும் கார்த்திகையில் நமக்கு வேண்டியதுதான். நிறம் 3000 கெல்வின் கிடைத்தால் எடுங்கள், 6500 வேண்டாம். மழையில் நனைந்த தார்ச்சாலை கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை முன்னாலேயே தள்ளிவிடுகிறது. அந்த நேரத்தில் நீல வெள்ளையைவிட மஞ்சளில் சாலை ஓரம் எனக்கு நன்றாகப் பிரிந்து தெரிகிறது. மினுக் மினுக் என்று வெட்டும் ஃப்ளாஷர் உள்ள மாடல் வாங்குபவர்களிடம் எனக்குப் பேச்சில்லை.

ஹாலஜனா எல்இடி லாம்பா என்று குழம்பினால் உங்கள் வண்டியையே கேட்கலாம். இஞ்சினை ஓட்டும் வேகத்துக்கு ரேஸ் கொடுத்து, எல்லா விளக்கையும் போட்டு, பேட்டரியில் மீட்டர் வையுங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் வண்டி அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. 13க்குக் கீழே வந்தால் தாங்கவில்லை, எல்இடி லாம்புக்குப் போங்கள். 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். அதையும் கணக்கில் சேர்த்துத்தான் இந்தச் சோதனை. புது வண்டியாக இருந்தால் கம்பெனி வயரிங்கை வெட்டாமல் பேட்டரியிலிருந்தே தனியாக எடுங்கள்.

என் ரிஃப்ளெக்டர் மட்டும் கறுத்துப்போயிருந்தால் நானும் லாம்பைத்தான் மாற்றியிருப்பேன். வெள்ளிப் பூச்சு போன டூமுக்கு எந்த பல்பும் உயிர் கொடுக்காது.

குனிய வைப்பதும் அணைப்பதும்

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி, முன்விளக்கு நிரந்தரமாகக் கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. எட்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஆளுக்குக் கூசக்கூடாது. 111ஆம் விதி ஸ்பாட் லைட்டையும் சர்ச் லைட்டையும் முன்னால் மாட்டவே தடை போடுகிறது. விதிவிலக்கு வேண்டுமென்றால் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். டிஎன் 31 ஆனாலும் பிஒய் 01 ஆனாலும் முள்ளோடை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே விதிதான்.

அதனால் அந்தச் சுவர் சோதனையை முடிவிலும் ஒருமுறை செய்யுங்கள். எட்டு மீட்டர் தள்ளி நிறுத்தினால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு லாம்ப் உயரத்துக்கு ஒரு நாலு அங்குலம் கீழே விழ வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பார்க்காதீர்கள். இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, நீங்கள் ஏறி உட்கார்ந்து, வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் உட்கார வைத்துப் பாருங்கள். பின்னால் பாரம் ஏறினால் வால் தாழும், மூக்கு நிமிரும், விளிம்பும் மேலே ஏறும். நான் முதலில் தனியாக உட்கார்ந்து வைத்துவிட்டு, அம்மாவை ஏற்றிக்கொண்டு போன அன்று எதிரே வந்த எல்லா லாரிக்காரரும் ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டு என்னை எச்சரித்தார்கள்.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. பார்த்தது மூளைக்கு ஏறி பிரேக் பிடிக்க ஒன்றரை விநாடி என்று வைத்தால், 30 கி.மீ. வேகத்தில் வண்டி நிற்க 20 மீட்டர் ஆகும். 50இல் 40 மீட்டர். ஈரத் தார் என்றால் இன்னும் கூடும். நல்ல ஃபாக் லைட்டும் அடர்ந்த பனியில் எனக்குக் காட்டுவது இருபது, இருபத்தைந்து மீட்டர்தான். வடலூரில் தைப்பூச ஜோதிக்கு முன் ஏழு திரை விலகும். நம் முன்னால் ஒரே திரை, அதுவும் விலகாது. அதற்குள் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்று ஃபாக் லைட் காட்டும், அவ்வளவுதான். பூசத்துக்கு முந்தின நாட்களில் அந்தப் பக்கச் சாலைகளில் நடந்து போகிறவர்கள் இடுப்புவரை பனியில் வருவார்கள். அவர்கள் கால்தான் முதலில் தெரியும், அதுவும் தரையை ஒட்டிப் போகும் வெளிச்சத்தில் மட்டும்.

பனி இல்லாத ராத்திரியில் அதை அணைத்துவிடுங்கள். முன் சக்கரத்தடி பளிச்சென்று இருந்தால் கண்மணி சுருங்கி, தூரத்து இருட்டில் இருப்பது தெரியாமல் போகும். கன்னியக்கோயில் தாண்டி நேர் ரோட்டில் ஐம்பதுக்கு மேல் போகும்போது நான் ஹெட்லைட் மட்டும்தான்.

இந்தத் தையிலும் அதே இடத்தில் ஒரு கரும்பு டிராக்டர். பனியும் அதே பனி. இந்த முறை முதலில் தெரிந்தது டிரெய்லரின் டயர், மஞ்சள் வெளிச்சத்தில் சேறு ஒட்டிய கறுப்பு வளையம். முப்பதில் போய்க்கொண்டிருந்தேன், பிரேக்கை மெதுவாக அழுத்தினால் போதுமாக இருந்தது. அந்த எல்இடி ஜோடியைத் தூக்கி எறிய மனசு வரவில்லை. ஒன்று பழைய பேட்டரியில் மாட்டுக் கொட்டகையில் எரிகிறது, இன்னொன்றின் ஃபேன் நின்றுவிட்டது. மாடு இரண்டு நாள் மிரண்டது, இப்போது பழகிவிட்டது.